சுமத்ராவில் படித்தவர்கள்

கடாரம் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழருக்கு நினைவில் வருவது படையெடுப்புதான். 1025-ஐ ஒட்டி ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடல் தாண்டிப் போன கதையைப் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். அவனுடைய மெய்க்கீர்த்தி அடுக்கிச் சொல்லும் ஊர்ப்பெயர்களில் ஸ்ரீவிஜயமும் மலையூரும் உண்டு. இரண்டும் இன்றைய இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் இருந்தவை. முன்னது மூசி ஆற்றங்கரையில் உள்ள பலெம்பாங். பின்னது அதற்கு வடக்கே பத்தாங்ஹரி ஆறு பாயும் ஜாம்பி வட்டாரம். சோழர் கப்பல்கள் அங்கே போவதற்கு ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வேறொரு வகையினர் அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் மாணவர்கள். சீனத்திலிருந்து போனார்கள், பிறகு வங்கத்திலிருந்தும் போனார்கள். சிலர் ஆறு மாதம் தங்கினார்கள், ஒருவர் பன்னிரண்டு ஆண்டு தங்கினார், இன்னொருவர் திரும்பவே இல்லை. வெளிநாடு சென்று படிப்பது என்ற வழக்கத்தின் வரலாற்றை எழுதும்போது நாளந்தாவுக்குப் பக்கங்களை ஒதுக்கிவிட்டு, சுமத்ராவை வழியில் இருந்த சத்திரமாக ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. 7-ஆம் நூற்றாண்டு முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை அது தன்னளவில் ஒரு கல்விநாடாக இருந்தது என்பதே நான் இங்கே நிறுவ முயல்வது.

முதல் சாட்சி இத்சிங். 635-இல் பிறந்த இந்தச் சீனத் துறவி 671-இன் குளிர்காலத்தில் குவாங்சோ துறைமுகத்தில் பாரசீகர் கப்பல் ஒன்றில் ஏறினார். உடன் வருவதாகச் சொன்னவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கிவிட, மிஞ்சியது ஓர் இளைய சீடர் மட்டும். இருபது நாளுக்குள் கப்பல் ஸ்ரீவிஜயத்தை அடைந்தது. அங்கே ஆறு மாதம் தங்கி சப்தவித்தை என்கிற சமஸ்கிருத இலக்கணத்தைப் படித்தார். சீடருக்கு உடம்புக்கு முடியாமல் போய் ஊர் திரும்ப, இவர் தனியாளானார். ஸ்ரீவிஜய மன்னன் ஆதரவளித்து மலையூருக்கு அனுப்பிவைத்தான்; அங்கே இரண்டு மாதம். பிறகு கடாரம், அங்கிருந்து மன்னனின் கப்பலிலேயே ஆடையில்லாதவர் தீவு வழியாக 673-இல் வங்கத்துத் தாமிரலிப்தி. அந்தத் தீவு, மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று குறிக்கும் நிக்கோபார்தான். நாளந்தாவில் பத்தாண்டு படித்துவிட்டு, சுமார் ஐந்து லட்சம் சுலோகம் அளவுள்ள சுவடிகளோடு மீண்டும் ஸ்ரீவிஜயத்துக்கு வந்தார். சீனத்துக்குக் கடைசியாகத் திரும்பியது 695-இல். நாளந்தாவுக்குப் பிறகும் சுமத்ராவில் அவர் பல ஆண்டுகளைக் கழித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு உடனே எழும். அதில் நியாயமும் உண்டு. பாய்மரக் கப்பல் காலத்தில் பயணத்தை நடத்தியது மனிதரின் விருப்பம் அல்ல, பருவக்காற்று. சீனத்திலிருந்து வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே வந்தவர், வங்கக் கடலைத் தாண்ட அடுத்த குளிர்காலம் வரை பொறுக்க வேண்டும். திரும்பும் வழியும் அப்படியே. தாமிரலிப்தியில் புறப்பட்டுக் கடாரம் வந்தால் அங்கே குளிர்காலம் வரை காத்திருப்பு. பிறகு மலையூருக்கு வந்தால் கோடையின் நடுப்பகுதி வரை இன்னொரு காத்திருப்பு. அதன் பிறகே வடக்கே போகக் காற்று கிடைக்கும். இந்தக் கணக்கை எழுதி வைத்தவரும் இத்சிங்தான். காஞ்சியோடு தொடர்புடைய வஜ்ரபோதி, இலங்கையிலிருந்து சீனத்துக்குப் போகும் வழியில் 717-இல் ஸ்ரீவிஜயத்தில் ஐந்து மாதம் காற்றுக்காகக் காத்துக் கிடந்தார். அப்படியானால் அங்கே தங்கியவர்களை மாணவர் என்பதைவிடத் துறைமுகத்தில் சிக்கிய பயணிகள் என்பதுதானே பொருந்தும்?

காற்று அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது உண்மை. ஆனால் காத்திருப்பு தானாகக் கல்வி ஆகிவிடாது. கடாரத்திலும் மாதக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது; அங்கே தங்கிப் படியுங்கள் என்று இத்சிங் யாருக்கும் சொல்லவில்லை. ஸ்ரீவிஜயத்தைப் பற்றி மட்டும் அப்படிச் சொன்னார். அந்த நகரில் 1,000-க்கும் மேற்பட்ட துறவிகள் இருப்பதாகவும், மத்திய இந்தியாவில் கற்பிக்கப்படும் பாடங்கள் அனைத்தையும் அவர்கள் ஆராய்வதாகவும், விதிமுறைகளில் இரண்டு இடங்களுக்கும் வேறுபாடு இல்லை என்றும், இந்தியா போக நினைக்கும் சீனத் துறவி இங்கே ஓரிரு ஆண்டு பயின்றுவிட்டுப் போவது நல்லது என்றும் குறித்தார். அப்போது நாளந்தாவிலேயே 3,000-க்குச் சற்று மேற்பட்டவர்கள்தான் இருந்தார்கள் என்பது அவர் தரும் கணக்கு. தம் காலத்தின் தலைசிறந்த ஆசிரியர்கள் என்று அவர் பெயர் சொல்லும் ஐவரில் ஒருவர் சாக்கியகீர்த்தி. இந்தியா முழுவதும் சுற்றிப் படித்தபின் ஸ்ரீவிஜயத்தில் இருந்து கற்பித்தவர் அவர். காற்றுக்கு ஆறு மாதம் போதும். இத்சிங் திரும்பும் வழியில் அங்கே செலவிட்டது அதைப் போலப் பல மடங்கு. அந்த ஆண்டுகளில் சமஸ்கிருத நூல்களை மொழிபெயர்த்தார், இந்தியாவிலும் தென்கடல் தீவுகளிலும் துறவிகள் வாழும் முறையைப் பற்றி 40 அத்தியாயங்களில் ஒரு நூல் எழுதினார், மேற்கே படிக்கப்போன 50-க்கும் மேற்பட்ட துறவிகளின் வரலாறுகளைத் தொகுத்தார். இரண்டையும் 692-இல் இன்னொரு துறவி மூலம் சீனத்துக்கு அனுப்பினார். நாளந்தாவில் பாடம் எப்படி நடந்தது, இலக்கணம் எந்த வரிசையில் கற்பிக்கப்பட்டது என்று இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும் பங்கு சுமத்ராவில் உட்கார்ந்து எழுதிய அந்த நூலிலிருந்து வருகிறது. இந்தியக் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் கடந்துபோவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அந்த நூலில் ஓர் இடத்தை அருகில் போய்ப் பார்க்கலாம். பௌத்தத் துறவி நண்பகலுக்குப் பிறகு உண்ணக்கூடாது. ஆகவே நண்பகல் எப்போது என்பது அவருக்கு வயிற்றுக்கும் விரதத்துக்கும் நடுவே உள்ள கேள்வி. நிழலை அளந்துதான் அதைத் தீர்மானிக்க வேண்டும். நிழலோ ஊருக்கு ஊர் மாறும். சீன நாள்காட்டியின் எட்டாம் மாத நடுவில் ஸ்ரீவிஜயத்தில் உச்சிவேளையில் நிற்கும் மனிதனுக்கு நிழலே விழுவதில்லை என்றும், வசந்தத்தின் நடுவிலும் அப்படியே என்றும், ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது என்றும் எழுதினார். பலெம்பாங் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே மூன்று பாகைக்குள் இருக்கிறது. அவர் சொன்னது சரியாகப் பொருந்துகிறது. வடக்கிலிருந்து வந்த ஒருவர் வெப்பமண்டலத்து வானத்தின் கீழ் நின்று, தம் ஊர் அளவுகோல் இங்கே செல்லாது என்று கண்டறிந்து, அதற்குத் தக்கபடி தம் அன்றாடத்தைத் திருத்திக்கொண்டதன் பதிவு இது. வெளிநாட்டில் படிப்பது என்பதில் பாடத்துக்குச் சமமாக இதுவும் அடங்கும். தென்கடல் தீவுகளில் துறவிகளுக்கு விருந்து வைக்கும் முறையை அவர் விவரிக்கும் இடமும் அப்படித்தான். பாக்கும், மணமூட்டிய எண்ணெயும், இலையில் வைத்த அரிசி மாவும் தட்டுகளில் வைத்து வெள்ளைத் துணியால் மூடி விருந்தினர் முன் வைக்கப்படுவதை அவர் எழுதும்போது, தமிழ் வாசகருக்கு அது வெகுதொலைவான நாடாகத் தோன்றாது.

படிப்பு எவ்வளவு தீவிரமாக நடந்தது என்பதற்கு 689-இல் நடந்த ஒரு சம்பவமே போதும். மொழிபெயர்ப்புக்குக் காகிதம் வேண்டும், மை வேண்டும், படியெடுக்க ஆள் வேண்டும். ஓலையில் எழுதும் நாட்டில் சீனக் காகிதம் எங்கே கிடைக்கும்? இவற்றைக் கேட்டுக் குவாங்சோவுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்ப இத்சிங் துறைமுகத்தில் நின்ற கப்பலுக்குப் போனார். அவர் கப்பலில் இருக்கும்போதே காற்று வாய்ப்பாகத் திரும்பியது. வணிகர்கள் பாயை ஏற்றிவிட்டார்கள். நிறுத்தச் சொன்னாலும் நிற்கும் நிலையில் கப்பல் இல்லை. இந்தியாவிலிருந்து சுமந்து வந்த சுவடிகள் எல்லாம் கரையில் கிடக்க, கையில் ஒன்றுமில்லாமல் ஏழாம் மாதம் சீனத்தில் போய் இறங்கினார். பதினெட்டு ஆண்டுக்குப் பின் பிறந்த நாட்டில் கால் வைத்தவர் அங்கேயே இருந்துவிட்டாரா என்றால் இல்லை. நான்கு உதவியாளர்களைச் சேர்த்துக்கொண்டு அதே ஆண்டு பதினோராம் மாதம் மறுபடி ஸ்ரீவிஜயத்துக்குக் கப்பல் ஏறினார். சுவடிகளை எடுத்து வருவது மட்டும் நோக்கமாக இருந்திருந்தால் அடுத்த பருவக்காற்றிலேயே திரும்பியிருக்கலாம். அவர் வேலை செய்ய வேண்டிய இடம் அதுவாக இருந்தது.

இதெல்லாம் ஒரே மனிதரின் வாக்குமூலம்தானே என்று கேட்கலாம். கேட்பதும் சரி, தனக்கு உதவிய மன்னனின் நாட்டைப் புகழ்வது பயணிகளின் இயல்பு. ஆகவே மண்ணுக்குள்ளிருந்து வந்த சாட்சியைப் பார்க்க வேண்டும். பலெம்பாங் அருகே தலாங் துவோ என்ற இடத்தில் 1920-இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. அதன் காலம் சக ஆண்டு 606, அதாவது 684. எழுத்து பல்லவ எழுத்து வகை; மொழி பழைய மலாய். ஜெயநாசன் என்ற மன்னன் தென்னை, கமுகு, பனை இனங்கள், மூங்கில் ஆகியவற்றை நட்டு, குளங்களும் வெட்டி ஒரு தோட்டம் அமைத்து, அதன் பலன் எல்லா உயிர்களுக்கும் சேரட்டும் என்று வேண்டுகிறான். அந்த வேண்டுதலில் போதிசித்தம், வஜ்ரசரீரம் போன்ற சொற்கள் வருகின்றன. உயிர்கள் அனைத்துக்காகவும் விழிப்பை நாடும் மனம் என்பது மகாயானத் தத்துவத்தின் நடுநாயகமான கருத்து. அது ஒரு தோட்டத்துக் கல்லில், உள்ளூர் மொழி வாக்கியத்துக்குள் பிசகாமல் உட்கார்ந்திருக்கிறது என்றால், அந்த ஊரில் யாரோ அதை உட்கார்ந்து கற்பித்தார்கள், யாரோ கற்றார்கள் என்றுதான் பொருள். இத்சிங் அப்போது நாளந்தாவில் இருந்தார். அந்தக் கல்லைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. ஒன்றையொன்று அறியாத இரண்டு சாட்சிகள் ஒரே செய்தியைச் சொல்கின்றன.

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது: நாளந்தாவில் செங்கல் சுவர்கள் நிற்கின்றன, பலெம்பாங்கில் என்ன நிற்கிறது? பெரிதாக ஒன்றுமில்லை. இந்த வெறுமையால்தான், பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் சேதேஸ் 1918-இல் ஸ்ரீவிஜயம் ஓர் அரசின் பெயர் என்று நிறுவும் வரை உலகமே அதை மறந்திருந்தது. ஆனால் மூசி ஆற்றின் சதுப்பு நிலத்தில் மக்கள் மரத்தால் கட்டினார்கள், தண்ணீரின் மேல் வாழ்ந்தார்கள், ஓலையில் எழுதினார்கள். இவை மூன்றும் அந்த ஈரத்தில் ஆயிரம் ஆண்டு தாங்காதவை. ஜாம்பியில் நிலைமை வேறு. பத்தாங்ஹரி கரையில் முவாரோ ஜாம்பி என்ற இடத்தில், ஏறத்தாழ 4,000 ஹெக்டேர் பரப்பில், செங்கல் கோயில்களும் மடங்களும் கால்வாய்களும் 80-க்கும் மேற்பட்ட மேடுகளும் கண்டறியப்பட்டிருக்கின்றன. குறுங்காடும் பழத்தோட்டங்களும் மூடிக் கிடந்த அந்த இடத்தைப் பற்றிய முதல் குறிப்பு 1824-இல்தான் எழுதப்பட்டது. இத்சிங் இலக்கணம் படித்த அறை இதுதான் என்று கைகாட்ட முடியாது. இன்று காணும் கட்டடங்களில் பல அவருக்குப் பிந்தியவை. ஆனால் சுமத்ராவின் ஓர் ஆற்றங்கரையில் பௌத்த நிறுவனங்கள் பெரிய அளவில், பல நூற்றாண்டுகள் இயங்கின என்பதை அந்த மேடுகள் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கின்றன.

இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வரும். அதில் ஒரு பெருமிதமும் கலந்திருக்கும். அங்கே கற்பித்தது இந்தியாவின் பாடம், இந்தியாவின் மொழி, இந்தியாவின் எழுத்து; ஆகவே அது நம் கல்வியின் கிளை, அவ்வளவுதான் என்பார்கள். சாக்கியகீர்த்தியே இந்தியாவில் படித்தவர்தானே என்றும் கேட்பார்கள். பாடம் இங்கிருந்து போனது என்பதை மறுக்கவே முடியாது. ஆனால் காஞ்சியிலும் சமஸ்கிருதத்தில்தான் பௌத்தம் படித்தார்கள். அதற்காகக் காஞ்சியை மகதத்தின் கிளை என்று நாம் சொல்வதில்லை. இத்சிங்குக்கு முன்பே, 664-ஐ ஒட்டி ஜாவாவுக்குப் போன ஹுய்நிங் என்ற சீனத் துறவி, ஞானபத்ரர் என்ற உள்ளூர் அறிஞருடன் மூன்று ஆண்டு இருந்து, புத்தரின் இறுதிக்காலத்தைப் பற்றிய நூல் ஒன்றைச் சீனத்தில் பெயர்த்தார். மூலத்தை விளக்கியவர் ஜாவாக்காரர், எழுதியவர் சீனர். நடுவில் இந்தியர் யாரும் இல்லை. அந்த மொழிபெயர்ப்பைச் சீனத் தலைநகருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த யுன்சி என்ற இளந்துறவி மறுபடி தெற்கே வந்து, தீவு மக்களின் மொழியைச் சரளமாகக் கற்று, சமஸ்கிருதமும் அறிந்து, கடைசியில் துறவைத் துறந்து ஸ்ரீவிஜயத்திலேயே வாழ்ந்தார். படிக்கப் போன நாட்டிலேயே தங்கிவிடுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள். போக்குவரத்தும் ஒருவழியாக இல்லை. சுவர்ணதீபம் என்று அழைக்கப்பட்ட சுமத்ராவின் மன்னன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரம் கட்டினான். அதன் செலவுக்குப் பால வம்ச மன்னன் தேவபாலன் ஐந்து ஊர்களைக் கொடுத்தான். 9-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அந்தச் செப்பேடு நாளந்தாவிலேயே அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஒரு கிளை தன் செலவில் மரத்துக்கு வேலி கட்டுவதில்லை. சமமான இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே நடக்கும் காரியம் அது.

எல்லாவற்றையும்விட வலுவான சான்று 11-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. 982-இல் வங்கத்தில் பிறந்த அதீசர், நாளந்தாவும் விக்கிரமசீலமும் கூப்பிடு தூரத்தில் இருக்க, முப்பது வயதை ஒட்டிச் சுவர்ணதீபத்துக்குக் கப்பல் ஏறினார். பயணம் ஓராண்டுக்கும் மேல் இழுத்தது என்று திபெத்திய வரலாறுகள் சொல்கின்றன. அங்கே தர்மகீர்த்தி என்ற ஆசிரியரிடம் பன்னிரண்டு ஆண்டு படித்தார். தர்க்க நூல்கள் எழுதிய பழைய தர்மகீர்த்தி வேறு, இவர் சுவர்ணதீபத்தவர். எந்தப் பாடத்துக்காக அதீசர் போனார் என்பது முக்கியம். போதிசித்தத்தை வளர்க்கும் பயிற்சி, தன் நலத்துக்கும் பிறர் நலத்துக்கும் இடம் மாற்றிப் பார்க்கும் பயிற்சி, இதற்காகத்தான் போனார். 684-இன் தோட்டத்துக் கல்லில் எந்தச் சொல் பொறிக்கப்பட்டதோ, அந்தச் சொல்லின் பொருளைத் தேடி 330 ஆண்டு கழித்து இந்தியாவிலிருந்து ஒருவர் அதே தீவுக்குப் போகிறார். கப்பல் சிக்கியதால் தங்கியவர் என்று இவரைச் சொல்ல முடியாது. காற்றுக்காக யாரும் பன்னிரண்டு ஆண்டு காத்திருப்பதில்லை.

அதீசரின் கதை திபெத்தியர் பக்தியோடு எழுதியது, நம்பலாமா என்று கேட்பவருக்கு ஒரு விடை இருக்கிறது. அந்த விடை நாகப்பட்டினம் வழியாக வருகிறது. சுவர்ணதீபத் தர்மகீர்த்தி எழுதிய துர்போதாலோகம் என்ற உரைநூல் சமஸ்கிருதத்தில் எழுதப்பட்டது. திபெத்திய மொழிபெயர்ப்பு இருக்கிறது. அதன் முடிவுரை, நூல் எழுதப்பட்டது சுவர்ணதீபத்தில், சூடாமணிவர்மன் ஆட்சியில் என்று குறிக்கிறது. அந்த மன்னன் கற்பனையா? சீனத்தின் சோங் அரசவைக் குறிப்புகளில் 1003-இல் தூது அனுப்பி, தன் நாட்டில் ஒரு பௌத்தக் கோயில் கட்டியிருப்பதாகச் சொல்லி அதற்குப் பெயரும் மணியும் கேட்ட ஸ்ரீவிஜய மன்னனாக அவன் வருகிறான். மூன்றாவதாக, ராஜராஜ சோழனின் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஐ ஒட்டி, நாகப்பட்டினத்து விகாரம் ஒன்றுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய் விடப்பட்டது. இன்று லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படும் 21 ஏடுகளில் அந்தக் கொடை பதிவாகியிருக்கிறது. விகாரத்தின் பெயர் சூடாமணிவர்ம விகாரம். கடாரத்தரசன் சூடாமணிவர்மன் தொடங்கி, மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்தது. திபெத்து, சீனம், சோழநாடு என ஒன்றுக்கொன்று தெரியாமல் மூன்று மூலைகளில் எழுதப்பட்ட ஆவணங்கள் ஒரே மன்னனைக் காட்டுகின்றன. அதீசரின் ஆசிரியருக்கும் நாகப்பட்டினத்து விகாரத்துக்கும் ஒரே அரச குடும்பத்தின் ஆதரவு இருந்தது. செப்பேட்டின் தமிழ்ப் பகுதி அந்த விகாரத்தைப் பள்ளி என்றே குறிக்கிறது. துறவியர் உறைவிடத்துக்கும் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட இடங்களின் நீண்ட வாழ்க்கை இருக்கிறது. கடாரத்தார் நம் கரையில் ஒரு பள்ளியைக் கட்டினார்கள்; அதற்குத் தமிழ் ஊர் ஒன்று நெல் அளந்தது.

அப்படி இருந்த நாட்டின்மேல்தான் 1025-இல் படை போனது. போருக்கான காரணம் வணிகமா, புகழா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மெய்க்கீர்த்தி ஒரு வெற்றிப் பட்டியல், அது தன் வேலையைச் செய்தது. நம் நினைவு அந்தப் பட்டியலோடு நின்றுவிட்டதுதான் குறை. அதீசர் படிப்பை முடித்து இந்தியா திரும்பிய காலமும் படையெடுப்பின் காலமும் ஏறத்தாழ ஒன்றே. திரும்பியவர் விக்கிரமசீலத்தில் தலைமை ஆசிரியர்களில் ஒருவராக இருந்தார், 1042-ஐ ஒட்டித் திபெத்துக்குப் போனார், சுமத்ராவில் கற்ற பயிற்சியை அங்கே கற்பித்தார். இன்றும் திபெத்திய மடங்களில் அந்தப் பயிற்சியின் குருவரிசை ஓதப்படும்போது சுவர்ணதீபத்தவர் என்ற பெயர் வருகிறது. அதீசர் 1054-இல் லாசாவுக்கு அருகே நியேதாங்கில் இறந்தார். தம் ஆசிரியர்களில் மற்றவர் பெயரைச் சொல்லும்போது நெஞ்சருகே கைகூப்பியவர், சுமத்ரா ஆசிரியரின் பெயர் காதில் விழுந்தால் மட்டும் கூப்பிய கைகளைத் தலைக்கு மேல் உயர்த்துவார் என்று அவருடைய மாணவர் மரபு சொல்லி வந்திருக்கிறது.